ரோசோலிமோவில் ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தாக்குவது எப்படி

சதுரங்கத்தில் 1.இ4-க்குக் கறுப்பு சி5 என்று பதில் தருவது சிசிலியன்; அதற்கு எதிராக மூன்றாவது நகர்த்தலில் பிஷப்பை பி5-இல் வைக்கும் ரோசோலிமோ ஆடப் பழகுகிறவர் பலகையில் காய்களை அடுக்கிப் போட்டுப் பார்க்க வேண்டிய ஆட்டம் ஒன்று உண்டு. 1988 தெசலோனிகி மகளிர் செஸ் ஒலிம்பியாடில் ஹங்கேரியின் 12 வயது யூதித் போல்கார், வெள்ளைக் காய்களுடன் பல்கேரியாவின் பாவ்லினா அங்கெலோவாவை 17 நகர்த்தல்களில் முடித்தது.

1.இ4 சி5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் பி5 ஜி6 4.கேஸ்லிங் பிஷப் ஜி7 5.சி3 இ5

கறுப்பு இங்கே குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்து, கேஸ்லிங் செய்து ராஜாவை ஓரத்தில் பத்திரப்படுத்துவதுதான் வழக்கம். இ5 ஆடினால் ராஜா இன்னும் நடுவில்தான் நிற்கும். உடனே நடுவைத் திறந்துவிடுங்கள்: 6.டி4 இ×டி4 7.சி×டி4 குதிரை×டி4 8.குதிரை×டி4 சி×டி4.

பலர் சறுக்குவது இங்கேதான். டி4 சிப்பாயை ராணியால் எடுக்கக் கை துறுதுறுக்கும். எடுத்தால் ஜி7 பிஷப் ராணியைத் தின்றுவிடும். முதலில் 9.இ5! பிஷப்பின் வழி அடைபடும், கறுப்புக் குதிரைக்கு எஃப்6-உம் கிடைக்காது. பிஷப் இ5-ஐ எடுத்தால் யானை இ1 அதை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போடும்.

9...குதிரை இ7 10.பிஷப் ஜி5 கேஸ்லிங் 11.ராணி×டி4 குதிரை சி6 12.ராணி எச்4 ராணி பி6 13.குதிரை சி3 பிஷப்×இ5 14.யானை ஏ-இ1 பிஷப்×சி3 15.பி×சி3 ராணி×பி5

எண்ணிப் பாருங்கள்: வெள்ளைக்கு ஒரு பிஷப்பும் ஒரு சிப்பாயும் குறைவு. ஆனால் கறுப்பு ராஜாவைச் சுற்றி எஃப்6, எச்6, ஜி7 கட்டங்களைக் காத்த பிஷப் போய்விட்டது. அதைக் கொடுக்குமுன் கறுப்பு இந்த மூன்று கட்டங்களுக்கும் வேறு காவல் உண்டா என்று பார்த்திருக்க வேண்டும். இரண்டு காய்க்கு ஆசைப்பட்டால் அது கண்ணில் படாது.

16.ராணி எச்6. அடுத்து பிஷப் எஃப்6, ஜி7-இல் மேட் என்ற மிரட்டல். 16...ராணி எஃப்5 என்று கறுப்பு எஃப்6-ஐக் காக்கிறது. இப்போதும் பிஷப் எஃப்6 ஆடினால் ராணி அதை எடுத்துக்கொள்ளும், தாக்குதல் அதோடு சரி. திறந்து கிடக்கும் இ வரிசையைப் பாருங்கள்: 17.ராணி×எஃப்8+!

அங்கெலோவா அத்துடன் தோல்வியை ஒப்புக்கொண்டார். ராஜா ராணியை எடுத்தால் 18.பிஷப் எச்6+, இ வரிசை யானையின் கையில் இருப்பதால் ராஜா போகக்கூடிய ஒரே இடம் ஜி8. பிறகு 19.யானை இ8 மேட்.