போர்வை வாங்குமுன்: டோக், ஜிஎஸ்எம், கிளோ என்றால் என்ன?

‘300 ஜிஎஸ்எம்’ என்று பார்த்ததும் நல்ல கதகதப்பு என்று நம்பி வாங்கிவிட வேண்டாம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு மட்டுமே. குளிரைத் தடுப்பது இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. அந்தத் தடுப்பை அளப்பது டோக்.

1. முதலில் அறையை அளந்துவிடுங்கள். கட்டில் பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து விடியற்காலை 5 மணிக்குப் பாருங்கள். மார்கழியிலும் வேலூர் வீடுகளுக்குள் கடுங்குளிர் வராது. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம் என்பதால் அங்கே 5, 6 டிகிரி குறையும்.

2. டோக் போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். பிரிட்டனில் 4.5 கோடைக்கு, 13.5 கடுங்குளிருக்கு. 13.5-ஐ இங்கே போர்த்தினால் நடுராத்திரியில் வியர்த்துப்போகும்; 4.5 தாராளம். ஏலகிரிக்குப் போனால் அதன்மேல் ஒரு கம்பளி போதும். அடுக்கினால் டோக் ஏறத்தாழ கூடிக்கொண்டே போகும்: 4.5-உம் 9-உம் சேர்ந்தால் 13.5.

3. ஜிஎஸ்எம் மட்டும் இருந்தால் தராசை எடுங்கள். 60×90 அங்குலப் போர்வை சுமார் 3.5 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் என்றால் உள்பஞ்சு மட்டுமே 700 கிராம். மேலுறையின் எடை தனி. மொத்தமே 700 கிராம்தான் என்றால் லேபிளை நம்பாதீர்கள். எடை சரியாக இருந்தும் கையால் அமுக்கிவிட்டால் எழும்பாத பஞ்சு குளிரைத் தாங்காது.

4. துணிமணிக்கு அளவு கிளோ. 1 கிளோ 1.55 டோக்குக்குச் சமம். முழுக்கைச் சட்டை சுமார் 0.25, தடித்த ஸ்வெட்டர் 0.35. ஒரே தடித்த உடையைவிட இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் வசதி. வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றிவிடலாம்.

5. ஜவ்வாது மலையில் கூடாரம் போடுபவர்கள் ஸ்லீப்பிங் பேக்கில் ‘கம்ஃபர்ட்’ என்ற வெப்பநிலையை மட்டும் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ உயிர் தப்புவதற்கான எல்லை. அந்தக் குளிரில் தூங்க முடியாது.

புதிதில் கதகதப்பாக இருந்த போர்வை அடுத்த வருஷம் குளிருகிறதா? துவைத்ததில் பஞ்சு ஓரங்களில் திரண்டிருக்கும், அல்லது வருஷம் முழுக்கப் பெட்டியில் அமுங்கிக் கிடந்திருக்கும். நன்றாகக் காயவைத்து, உதறி, தளர்வாக மடித்து வையுங்கள்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும்போது டோக் எவ்வளவாக இருந்தாலும் ரஜாய் (பஞ்சு அடைத்த போர்வை) போர்த்தவே கூடாது. முகத்தை மூடிவிடும், உடம்பும் அளவுக்கு மீறிச் சூடேறும்.