கேக் மேல கோலம் போடலாம், ஸ்டென்சில் நாமளே வெட்டிக்கலாம்

கடையில விக்கிற கேக் ஸ்டென்சில்ல, அதாவது டிசைனை ஓட்டையா வெட்டின ஷீட்ல, ரோஜாவும் லேஸும்தான் திரும்பத் திரும்ப வருது, வாசல்ல போடுற கோலம் கேக் மேல வரணும்னா நாமளே வெட்டினாத்தான் உண்டு. ஓஹெச்பி ஷீட் (கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் ஷீட்) ஒண்ணு, கட்டர், மார்க்கர், செல்லோடேப், இவ்ளோதான் வேணும். ஏ4 ஷீட்டோட அகலம் 21 செ.மீ., அதனால 8 இன்ச் கேக்குக்கு ஒரே ஷீட் போதும், ஓரத்துல ஒரு விரல் அகலம் விட்டு கோலத்த வரைஞ்சுக்கோங்க.

எந்த கோலம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு. சிக்கு கோலத்த அப்படியே வெட்டினா கம்பி சுத்தி வந்து மூடுற இடத்துல உள்ள இருக்கிற துண்டு கழண்டு கீழ விழுந்துரும், நான் முதல்ல வெட்டின தாமரையும் அப்படித்தான் போச்சு, ரெண்டு மணி நேர வேலை. மார்கழில விக்கிற கோல அச்சைப் பாருங்க, கோடா இருக்காது, புள்ளி புள்ளியா ஓட்டைதான் இருக்கும், ஏன்னா கோடா வெட்டினா உள்துண்டு நிக்காது. அதனால ஒவ்வொரு வளையத்துலயும் குறைஞ்சது ரெண்டு மூணு இடத்துல 3 மி.மீ. வெட்டாம பாலம் மாதிரி விடுங்க, வெட்டப்போற இடத்தை மட்டும் மார்க்கர்ல நிரப்பிப் பாத்தா எந்தத் துண்டு தனியா நிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சிரும். முதல் தடவைக்கு 5 புள்ளி கோலம் போதும்.

பழைய வார இதழ் மேல ஷீட்டை ஒட்டி நடுவுல இருந்து வெளிய வெட்டிட்டு வாங்க, வளைவுல கட்டரைத் திருப்பாம ஷீட்டைத் திருப்புங்க. மார்க்கர் பக்கம் கேக்ல படவே கூடாது. ரெண்டு ஓரத்துலயும் செல்லோடேப்பை மடிச்சு ஒட்டி பிடி வெச்சுக்கோங்க, தூக்கும்போது அதோட அருமை தெரியும்.

சாக்லேட் கேக்னா மேல மேடா இருக்கிறதை சீவிட்டு, ஸ்டென்சிலை வெச்சு, டீ வடிகட்டில ஐசிங் சுகரை (மாவு மாதிரி பொடிச்ச சர்க்கரை) போட்டு மெதுவா தட்டுங்க, லேசா ரெண்டு தடவை தூவினா போதும், குவிஞ்சா தூக்கும்போது சரிஞ்சிரும். ரெண்டு பிடியையும் பிடிச்சு நேரா மேல தூக்குங்க, பக்கவாட்டுல இழுக்கவே இழுக்காதீங்க. ஐசிங் சுகர் ஈரத்துல கரைஞ்சிரும், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கேக் வேர்க்கும் இல்லையா, அதுவும் சென்னை மாதிரி ஊர்ல, அதனால பரிமாறப்போற நேரத்துலதான் தூவணும்.

எனக்குப் பிடிச்சது பட்டர்க்ரீம்தான் (வெண்ணெயும் ஐசிங் சுகரும் சேத்து அடிச்ச க்ரீம்), கோலம் லேசா எழும்பி நிக்கும், நெஜமான மாக்கோலம் மாதிரியே இருக்கும். கேக்ல பட்டர்க்ரீமை சமமா பூசி, தொட்டா விரல்ல ஒட்டாத அளவுக்கு ஃப்ரிட்ஜ்ல இறுக விடுங்க, அரை மணி நேரமாவது ஆகும். அப்புறம் ஸ்டென்சிலை வெச்சு வேற கலர் பட்டர்க்ரீமை ஸ்கிரேப்பரால ஒரே பக்கமா மெல்லிசா இழுத்துட்டு உடனே தூக்கிருங்க. விப்பிங் க்ரீம்ல வேணாம், ஷீட்டோட சேந்து வந்துரும்.

கொதிக்கிற தண்ணில கழுவினா ஷீட் சுருண்டுரும், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணி போதும், துடைச்சு நோட்டுக்குள்ள தட்டையா வெச்சா அடுத்த பிறந்தநாளுக்கும் அதே ஸ்டென்சில் ஆகும்.