ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: பாத்ரூம் விஷயத்தில் செய்யும் தவறுகள்

கல்லூரிக்கு வெளியே தனியார் ஹாஸ்டல் தேடுகிறவர்கள் வைஃபை, சாப்பாடு எல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். பாத்ரூமை மட்டும் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. அதுவும் பகல் 11 மணிக்கு, கழுவிவிட்ட பிறகு. காலை 7 மணிக்குப் போய்ப் பாருங்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும்.

பெரிய தவறு எண்ணிக்கையில்தான். "மாடிக்கு மூணு பாத்ரூம் இருக்கு" என்பார்கள். அந்த மாடியில் எத்தனை கட்டில்? காலிக் கட்டிலையும் சேர்த்து எண்ணுங்கள், அட்மிஷன் முடிந்ததும் அவை நிரம்பிவிடும். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்புப்படி விடுதியில் ஆண்கள் 8 பேருக்கு ஒரு கழிவறை, பெண்கள் 6 பேருக்கு ஒன்று. குளியலறைக்குத் தனிக் கணக்கு. இரண்டும் ஒரே அறைக்குள் என்றால், ஒருவர் குளிக்கும்போது கழிவறையும் பூட்டித்தான் கிடக்கும். ஆளுக்கு 15 நிமிடம் என்றாலும் 8 பேர் முடிக்க 2 மணி நேரம்.

அடுத்தது தண்ணீர். விடுதிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது கணக்கு. 40 பேருக்கு 5,400 லிட்டர். மொட்டை மாடியில் 1,000 லிட்டர் டேங்க் ஒன்றுதான் என்றால், காலை நெரிசலிலேயே காலியாகும். மோட்டார் போடுவது யார், கரண்ட் இல்லாவிட்டால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். மேல்மாடிக் குழாயையும் திறந்து பாருங்கள். டேங்குக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கேதான் வேகம் குறைவு.

நாற்றம் வந்தால் ஃபினாயில் தெளிப்பது வீண். தரையில் தண்ணீர் போகும் ஓட்டையில் இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள். நாற்றம் அடங்கினால் உள்ளே இருக்கும் டிராப் (தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவு) வறண்டிருந்தது, அவ்வளவே. அடங்காவிட்டால் டிராப்பே இல்லாமல் இருக்கலாம், குழாயில் கசிவும் இருக்கலாம். அதை ஓனர்தான் சரிசெய்ய வேண்டும். கறை போக ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

பெண்கள் ஹாஸ்டலில் மூடி போட்ட குப்பைத் தொட்டி ஒவ்வொரு கழிவறைக்குள்ளும் வேண்டும். இல்லாத இடத்தில் நாப்கின் கழிவறைக் கோப்பைக்குள் போய், ஊறி உப்பிக் குழாயை அடைக்கிறது. தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிக்கு உரிமம் கட்டாயம். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம்.