எர்லி ஆக்சஸ் ஆன்லைன் கேம்: விலையைக் கணக்குப் போடும்போது எங்கே தவறுகிறோம்

பாதி வேலை பாக்கியிருக்கும் ஆன்லைன் கேமை எர்லி ஆக்சஸ் என்ற பெயரில் காசுக்கு விற்பது பகல் கொள்ளை என்று ஒரு கட்சி. இப்போதே வாங்கிப் போட்டால்தான் மலிவு, அப்புறம் விலை ஏறிவிடும் என்று எதிர்க்கட்சி. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்: வாங்கும் அன்று கையில் என்ன கிடைக்கிறது, அது எத்தனை நாளைக்கு ஓடும் என்பதை. விலை நியாயமா என்பது அங்கேதான் முடிவாகிறது. 20 டாலர் கொடுத்துத் தண்டமானவர்களும் உண்டு, 60 டாலர் கொடுத்துத் திருப்தியாக விளையாடியவர்களும் உண்டு.

முதல் தவறு, சீக்கிரம் வாங்கினால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவது.

இந்த நம்பிக்கை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. மைன்கிராஃப்ட் 2009-இல் ஆல்ஃபா (முதல்கட்டச் சோதனை) நிலையிலேயே சுமார் 10 யூரோவுக்கு விற்றது. பீட்டாவில் (அடுத்த கட்டச் சோதனை) 15 ஆனது, 2011 நவம்பரில் முழு வெர்ஷன் வந்தபோது 20. முதலில் நம்பியவருக்குப் பாதி விலை. கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் 2013 மார்ச்சில் எர்லி ஆக்சஸுக்குத் தனிப் பிரிவு தொடங்கியபோது எல்லோர் மனதிலும் இந்தக் கணக்குதான் இருந்தது. ஆனால் அதே 2013-இல் பிளானட்டரி அனைஹிலேஷன் ஆல்ஃபாவை 90 டாலருக்கு விற்றார்கள், பீட்டாவுக்கு வந்ததும் 60. முன்பே நிதி கொடுத்து ஆல்ஃபாவில் இடம் பிடித்தவர்கள் கொடுத்த தொகைக்குக் கீழே விற்றால் அவர்களை ஏமாற்றியது போலாகும் என்பது விற்றவர்கள் பக்க நியாயம். அது நியாயம்தான், ஆனால் புதிதாக வருகிறவருக்கு அதனால் என்ன லாபம்? பால்டர்ஸ் கேட் 3 இன்னொரு ரகம். 2020 அக்டோபரில் 60 டாலர், 2023 ஆகஸ்டில் முழுதாக வந்தபோதும் அதே 60. கிட்டத்தட்ட மூன்று வருடம் முதல் அங்கம் மட்டும்தான் கையில் இருந்தது, தள்ளுபடி என்று எதுவும் இல்லை. விலை ஏறிய கேம்களும் நிறைய: ரஸ்ட் 20-இலிருந்து 35-க்குப் போனது, ஹேடிஸ் 20-இலிருந்து 25-க்கு, ஃபேக்டோரியோ 2018-இல் 20-இலிருந்து 30-க்கு.

ஆக, ஏறுமா இறங்குமா என்று ஊகிக்கத் தேவையில்லை. ஸ்டீமில் எர்லி ஆக்சஸ் கேம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் டெவலப்பர் பதில் எழுத வேண்டிய கேள்விகள் சில உண்டு. முழு வெர்ஷன் வந்தால் விலை மாறுமா என்பது அதில் ஒன்று. அரை நிமிடம் படித்தால் போதும். பெரும்பாலானோர் அதைத் தாண்டி டிரெய்லருக்குப் போய்விடுகிறார்கள்.

விலை ஏறும் என்றே எழுதியிருக்கட்டும். அப்போதும் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். இப்போது 25, முடிந்த பிறகு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்திக்கொள்வதால் மிச்சம் 5 டாலர். காத்திருப்பவர் 30 கொடுப்பார், ஆனால் கேம் ஒழுங்காக முடிந்தால் மட்டும்தான் கொடுப்பார். நின்றுபோனால் அவருக்குச் செலவே இல்லை. இப்படிப்பட்ட ஆறு கேமில் ஒன்றுக்கு மேல் நின்றுபோகும் என்று உங்களுக்குத் தோன்றினால், காத்திருப்பதுதான் மலிவு. ஆறில் ஐந்துக்கு மேல் ஒழுங்காக முடியும் என்று அடித்துச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. முடிந்து வரும் கேமும் சில மாதத்தில் தள்ளுபடியில் கிடைக்கும் (ஃபேக்டோரியோ மாதிரி தள்ளுபடியே கிடையாது என்று சொல்லிவிட்டு விற்கிறவர்கள் அபூர்வம்). அதனால் அந்த 5 டாலர் மிச்சத்துக்காக மட்டும் முந்தி வாங்குவதில் அர்த்தமில்லை. இடைப்பட்ட காலத்தில் விளையாடப் போகிற சந்தோஷத்துக்காக வாங்கினால், அது வேறு கணக்கு, சரியான கணக்கும் அதுதான்.

ரோட்மேப்புக்குக் காசு கொடுப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு, தெரிந்தே செய்கிற தவறும்கூட. இன்றைக்கு 10 டாலர் பெறும், ஆனால் ரோட்மேப்பில் (இனி என்னென்ன சேர்ப்போம் என்ற பட்டியல்) இருப்பதெல்லாம் வந்துவிட்டால் 60 பெறும், அதனால் 40 நியாயம்தானே என்று மனசு ஒரு சராசரி போடுகிறது. வரப்போவதாகச் சொன்னதற்குப் போட்ட அந்த மதிப்பு முழுவதும் காற்று. இந்த கேம் முழுமையானதல்ல, இனி மாறினாலும் மாறலாம், மாறாமலும் போகலாம், இப்போதுள்ள நிலையில் பிடிக்கவில்லையென்றால் காத்திருங்கள் என்று ஸ்டீமே வாங்கும் பொத்தானுக்கு மேலே எழுதி வைத்திருக்கிறது. எதிர்காலத்தைப் பற்றிக் குறிப்பான வாக்குறுதி கொடுக்காதீர்கள், விற்பனைப் பணத்தை நம்பித்தான் கேமை முடிக்க முடியும் என்றால் எர்லி ஆக்சஸுக்கே வராதீர்கள் என்று டெவலப்பர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். யார் கேட்டார்கள்?

ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9 2013 அக்டோபரில் நீளமான திட்டப் பட்டியலோடு வந்தது. செய்தது டபுள் ஃபைன், நல்ல பெயருள்ள ஸ்டூடியோ. ஒரே வருடத்தில், வருகிற பணம் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று பட்டியலில் பெரும்பகுதியை விட்டுவிட்டு இருந்ததற்கு 1.0 (முழு வெர்ஷன்) என்று பெயர் சூட்டி முடித்துக்கொண்டார்கள். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் கதை இன்னும் பாடம். முதல் பாகம் எர்லி ஆக்சஸிலேயே வளர்ந்து 2015-இல் அருமையாக முடிந்தது. அந்த நல்ல பெயரை நம்பித்தான் 2023 பிப்ரவரியில் இரண்டாம் பாகத்துக்கு 50 டாலர் கொடுத்தார்கள். காலனிகள், வேறு நட்சத்திர மண்டலங்கள், மல்டிபிளேயர் எல்லாம் ரோட்மேப்பில் இருந்தன; 2024-இல் ஸ்டூடியோவில் ஆட்குறைப்பு நடந்து, அதோடு அப்டேட்டும் நின்றது. இரண்டு பாகத்தையும் செய்தது வேறு வேறு ஸ்டூடியோ. பெயர் ஒன்று என்பதால் உழைப்பும் அதே என்று ஆகிவிடாது.

அதனால் ரோட்மேப்பைப் படியுங்கள், ரசியுங்கள், ஆனால் விலை போடும்போது அதற்கு மதிப்பு பூஜ்யம் என்று வையுங்கள். அப்படி வைத்த பிறகும் கேம் அந்த விலை பெறுகிறது என்றால் தாராளமாக வாங்கலாம். வால்ஹெய்ம் 2021 பிப்ரவரியில் 20 டாலருக்கு வந்தபோது எத்தனையோ வேலை பாக்கி இருந்தது, ஆனால் இருந்ததே பல வாரம் விளையாடுகிற அளவுக்கு இருந்தது. அதற்கப்புறம் ஒரு அப்டேட்கூட வராமல் போயிருந்தாலும் யாரும் நஷ்டம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நியாயமான எர்லி ஆக்சஸ் விலைக்கு எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இதுதான்.

சர்வர் யாருடையது?

தனியாக விளையாடும் கேமுக்கும் ஆன்லைன் கேமுக்கும் ஒரே அளவுகோலை வைப்பது அடுத்த தவறு. ஸ்பேஸ்பேஸை அரைகுறையாக விட்டாலும் வாங்கியவர் கணினியில் அந்த அரைகுறையாவது மிஞ்சியது. சர்வரை நம்பியிருக்கும் கேம் நின்றால் ஒன்றும் மிஞ்சாது. வேர்ல்ட்ஸ் அட்ரிஃப்ட் 2018 மே மாதம் எர்லி ஆக்சஸுக்கு வந்தது, 2019 ஜூலையில் சர்வரை அணைத்தார்கள். கட்டிய கப்பல், பிளேயர்களே வடிவமைத்த தீவு எல்லாம் அதோடு போச்சு. லேண்ட்மார்க் அதைவிடக் கசப்பு: 2014-இல் ஃபவுண்டர் பேக் (முன்கூட்டியே நுழைய விற்கும் தொகுப்பு) 20-இலிருந்து 100 டாலர் வரை விற்றார்கள், 2016 ஜூனில் 10 டாலர் விலையில் முழு வெர்ஷன் வந்தது, 2017 பிப்ரவரியில் கடையை மூடிவிட்டார்கள். தி டே பிஃபோர் 2023 டிசம்பர் 7 அன்று 40 டாலருக்கு வந்தது, நான்கு நாளில் ஸ்டூடியோ மூடுகிறது என்று அறிவிப்பு, ஜனவரி 22-இல் சர்வர் நின்றது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது மட்டும் ஆறுதல். எல்லா இடத்திலும் அது நடக்காது.

அதனால் ஆன்லைன் கேமுக்கு முதலில் பார்க்க வேண்டியது, பிளேயர்கள் சொந்தமாக சர்வர் நடத்த முடியுமா என்பது. ரஸ்ட், வால்ஹெய்ம், பால்வேர்ல்ட் மாதிரி சர்வர் மென்பொருளைக் கையில் கொடுத்துவிட்டால், நாளைக்கு ஸ்டூடியோ இல்லாவிட்டாலும் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஓட்டிக்கொள்ளலாம். அது இருக்கிற கேமுக்கு இன்னும் 10 டாலர் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை என்பேன். இல்லாத கேமுக்கு, இந்த சர்வர் எத்தனை மாதம் ஓடும் என்று நீங்களே ஒரு கெடு வைத்து, அந்த மாதங்களால் விலையை வகுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

அப்புறம் கூட்டம். இருபது பேர் மோதவேண்டிய மேப்பில் ஆறு பேர் சுற்றிக்கொண்டிருந்தால் கேம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று ஸ்டீம்டிபி போன்ற தளங்களில் வரைபடமே கிடைக்கும். உச்ச எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், அது பெரும்பாலும் வெளியான வாரத்துக் கூட்டம். நீங்கள் வழக்கமாக விளையாடுகிற கிழமை, விளையாடுகிற மணி, அந்த நேரத்தில் போன மாதம் எத்தனை பேர் என்று பாருங்கள்.

முழு வெர்ஷன் வரும்போது வைப் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்த்த லெவல், ஆயுதம், வீடு எல்லாம் ஒரு நாள் அழியும் என்றால் தப்பில்லை, ரஸ்ட்டில் மாதாமாதம் அதுதான் நடக்கிறது. தெரியாமல் இருநூறு மணி நேரம் சேர்த்துவிட்டு அப்புறம் தெரிந்துகொள்வதுதான் வலி.

பேக் வாங்கும் வியாதி

அடிப்படை விலை பல கேம்களில் நியாயமாகத்தான் இருக்கிறது. அநியாயம் குடியிருக்கும் இடம் அதற்கு மேலுள்ள தங்கம், வைரம் என்று பெயர் வைத்த பேக்குகள். ஸ்டார் சிட்டிசன் 2012-இல் நிதி திரட்டத் தொடங்கியது, 70 கோடி டாலருக்கு மேல் சேர்ந்த பிறகும் ஆல்ஃபாவிலேயே இருந்தது. 2018-இல் அவர்கள் கடையில் 27,000 டாலருக்கு ஒரு பேக் இருந்தது, கேமிலுள்ள விண்கப்பல்கள் பெரும்பாலானவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் பேக். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இது அளக்காமல் போடுகிற ஆறு.

எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ் கேமில் நடந்ததை ஆன்லைன் கேம் வாங்குகிற எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எட்ஜ் ஆஃப் டார்க்னஸ் என்ற 150 டாலர் அளவிலான பதிப்பில், இனி வரும் டிஎல்சி (அப்புறம் தனியாக விற்கும் கூடுதல் பகுதி) எல்லாம் இலவசம் என்று சொல்லியிருந்தார்கள். 2024 ஏப்ரலில் 250 டாலருக்குப் புதுப் பதிப்பு வந்தது, அதில் தனி பிவிஇ மோடு (மற்ற பிளேயர்களோடு மோதாமல் கணினி எதிரிகளோடு மட்டும் மோதுவது). பழைய பதிப்புக்காரர்கள் எங்களுக்கு எங்கே என்று கேட்டதற்கு, இது டிஎல்சி கணக்கில் வராது என்று பதில். சண்டை பெரிதானதும் முதலில் ஆறு மாதத்துக்கு மட்டும் தருகிறோம் என்று இறங்கி வந்தார்கள், அப்புறமும் சத்தம் அடங்காததால் முழுதாகவே கொடுத்தார்கள். இனி வரும் எல்லாம் என்ற வாக்கியத்தில் எல்லாம் என்பது எதுவரை என்று முடிவு செய்கிறவர் விற்கிறவர்தான், அந்த வாக்கியத்துக்கு நூறு டாலர் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஆர்க் கேமில் இன்னொரு வேடிக்கை, அடிப்படை கேமே முடியாத 2016 செப்டம்பரில் 20 டாலருக்குத் தனி விரிவாக்கம் விற்றார்கள்.

நேர்மையாகச் செய்ய முடியாதா என்றால், முடியும். பாத் ஆஃப் எக்ஸைல் 2 முழுதாக வரும்போது இலவச கேம் என்று முதலிலேயே சொன்னார்கள். 2024 டிசம்பரில் எர்லி ஆக்சஸுக்கு 30 டாலர் வாங்கினார்கள், அந்த மதிப்புக்குக் கேமின் கடையில் செலவழிக்கப் புள்ளிகளும் கொடுத்துவிட்டார்கள். எப்படியும் கடையில் ஏதாவது வாங்குகிற ஆளுக்கு உள்ளே நுழைந்த செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

முடிந்த கேமை மூன்று நாலு நாள் முன்னாடி விளையாடக் கூடுதல் பணம் வாங்குவதை எர்லி ஆக்சஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2023-இல் டயப்லோ 4-க்கு நான்கு நாள், ஸ்டார்ஃபீல்டுக்கு ஐந்து நாள் அப்படி விற்றார்கள். அங்கே நீங்கள் வாங்குவது நாள் கணக்கு மட்டும்தான், காத்திருந்தால் அதே பொருள் வரும். எனக்கு அது வேண்டாத செலவு, விடுமுறை எடுத்துக் காத்திருப்பவருக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

வருடக் கணக்கைப் பார்த்து முடிவு செய்வது

பத்து வருடமாக எர்லி ஆக்சஸா, அப்படியென்றால் மோசடி என்று சொல்வதும் தவறுதான். புராஜெக்ட் சோம்பாய்டு 2013 நவம்பரில் ஸ்டீமில் நுழைந்து பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தது, அதை வாங்கியவர்கள் குறை சொல்வது அபூர்வம். பப்ஜி 2017 மார்ச்சில் வந்து அதே டிசம்பரில் 1.0 ஆகிவிட்டது. டேஇசட் அதே 1.0-க்கு ஐந்து வருடம் எடுத்துக்கொண்டது. எண்ணை விட, கடைசி ஆறு மாத அப்டேட் குறிப்புகளைத் திறந்து படிப்பது உபயோகம்: பக் சரிசெய்ததும் புது இடமும் வருகிறதா, இல்லை விற்பதற்கான உடைகள் மட்டும் வருகிறதா. ஒரு வருடத்துக்கு மேல் அப்டேட் இல்லாத எர்லி ஆக்சஸ் கேம்களில் 2025 பிப்ரவரியிலிருந்து ஸ்டீமே ஒரு எச்சரிக்கை காட்டுகிறது, அதைப் பார்த்துவிட்டும் வாங்கினால் யாரும் காப்பாற்ற முடியாது. விமர்சனங்களில் மொத்த மதிப்பீட்டை விட்டுவிட்டுச் சமீபத்தியதைப் பாருங்கள்.

கடைசியாக ரீஃபண்ட். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் பணம் திரும்பும், எர்லி ஆக்சஸில் விளையாடும் நேரமும் அந்த 2 மணியில் சேரும், முழு வெர்ஷன் வரும்வரை அது கணக்கில் வராது என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. ஆன்லைன் கேமில் இன்னொரு பொறி உண்டு: கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் வரும். லாகின் வரிசையில் நாற்பது நிமிடம், முகத்துக்கு மூக்கு தேர்ந்தெடுக்க முப்பது நிமிடம் என்று போய்விட்டால், உண்மையில் விளையாடிப் பார்க்க மிஞ்சுவது ஐம்பது நிமிடம். அதனால் வெளியாகும் முதல் மணி நேரத்தில் வாங்காதீர்கள், கூட்டம் தணிந்த ஒரு நாளில் வாங்கி, கிடைத்த முகத்தோடு உள்ளே போய், பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) எவ்வளவு, சண்டையில் தடுமாறுகிறதா, எத்தனை தடவை வெளியே தள்ளுகிறது என்று மட்டும் பாருங்கள். ஸ்டூடியோவின் சொந்தத் தளத்தில் வாங்கினால் விதி வேறாக இருக்கும், பல இடங்களில் ரீஃபண்டே கிடையாது, பணம் கட்டும் முன்பே அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிடுங்கள்.