ட்ரெய்லர் ஓடும்போது ஃப்ரிட்ஜ் குளிராக இருக்க

அமெரிக்காவில் ஆர்வி ட்ரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும், தங்கும் வசதியுள்ள வண்டியை, இழுத்துப் போகும்போது ஃப்ரிட்ஜுக்காக ஜெனரேட்டரை ஓட்டத் தேவையில்லை. முந்தின இரவே கரன்ட்டில் போட்டு நன்றாகக் குளிரவிடுங்கள். கதவைத் திறக்காவிட்டால் சுமார் 4 மணி நேரம் தாங்கும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் என்றால் பேட்டரியிலேயே ஓடும்.

கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜா? பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன்பே அதை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடிவிடுங்கள். உள்ளே எரியும் சிறு சுடர் வெளியே தெரியாது, அதனால்தான் மறந்துபோகிறது. பால்டிமோர் துறைமுகச் சுரங்கப்பாதையில் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் (இந்த ஃப்ரிட்ஜில் எரியும் கேஸ்) சிலிண்டருக்கு அனுமதியே கிடையாது. ட்ரெய்லரில் வழக்கமாக இருப்பது 20 பவுண்டு. அதனால் சுரங்கப்பாதையைத் தவிர்த்து, நகரின் மேற்கே 695 சுற்றுச்சாலையைப் பிடியுங்கள்.

ஏசி வேண்டுமென்றால், வண்டியை நிறுத்தியபின் கையடக்க ஜெனரேட்டரை 20 அடி தள்ளி வைத்து, புகை ஜன்னல் பக்கம் வராதபடி திருப்பிவையுங்கள்.