தள்ளுபடியில் வாங்கும் செல்போனுக்கு ஜிஎஸ்டி கணக்குப் போடுவது எப்படி?

கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ ஆஃபரில் போன் வாங்குகிற பலருக்கும் பில்லைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வரும். கொடுத்த பணம் ஒன்று, வரி போட்டிருக்கிற தொகை வேறொன்று. இதில் எப்போதும் தப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. தள்ளுபடியை யார் கொடுக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் வரி குறையுமா, குறையாதா என்பது முடிவாகும்.

படி 1: விகிதம்

செல்போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 12 சதவீதமாக இருந்தது, 2020 ஏப்ரல் 1 முதல் 18 ஆனது. 2025 செப்டம்பரில் பல பொருள்களுக்கு வரியைக் குறைத்தபோதும் செல்போனுக்குக் குறைக்கவில்லை. பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் "ஜிஎஸ்டி தனி" என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

படி 2: விலைக்குள் இருக்கும் வரியைப் பிரிப்பது

ஒரு போனின் எம்ஆர்பி 23,600 ரூபாய். கடையில் 5,900 ரூபாய் குறைத்து 17,700க்குத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கே பலர் 17,700க்கு 18 சதவீதம் போட்டு 3,186 ரூபாய் வரி என்கிறார்கள். அது தவறு. 17,700க்குள்ளேயே வரி இருக்கிறது. எனவே 1.18 ஆல் வகுக்க வேண்டும்.

17,700 ÷ 1.18 = 15,000. இதுதான் வரி விதிக்கப்படும் மதிப்பு. மீதி 2,700 வரி.

தள்ளுபடி இல்லாமல் வாங்கியிருந்தால்? 23,600 ÷ 1.18 = 20,000, வரி 3,600. அதாவது கடைக்காரர் குறைத்த 5,900இல் 5,000 பொருளின் விலை, 900 வரி.

படி 3: தள்ளுபடி யாருடையது?

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கடை தானே விலையைக் குறைத்து, அதைப் பில்லிலும் காட்டியிருந்தால், ஜிஎஸ்டி சட்டம் 15ஆம் பிரிவின்படி அந்தத் தொகைக்கு வரி கிடையாது. மேலே போட்ட கணக்கு அந்த வகை.

வங்கி கார்டு ஆஃபர் அப்படி இல்லை. 17,700 ரூபாய் போனுக்குக் கார்டில் 1,500 ரூபாய் கழிவு கிடைத்து நீங்கள் 16,200 கட்டினாலும், அந்த 1,500ஐ வங்கி கடைக்குக் கொடுத்துவிடுகிறது என்றால் கடைக்கு வருவது முழுத் தொகைதான். வாங்குகிறவருக்காக வேறொருவர் கொடுக்கும் பணமும் விலையில் சேரும். வரி அதே 2,700. பிறகு கணக்கில் வந்து விழும் கேஷ்பேக்குக்கும் இதே கதைதான்.

பழைய போனை மாற்றும்போதும் வரி குறையாது. ஜிஎஸ்டி விதி 27 செல்போனையே உதாரணமாக எடுத்துச் சொல்கிறது: பழைய போனை வாங்கிக்கொண்டு புதிய போனை 20,000க்குக் கொடுத்தாலும், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அதன் விலை 24,000 என்றால், மதிப்பு 24,000தான். நாம் கொடுக்கும் பழைய போனும் ஒரு வகைப் பணம்தானே! நம் போனுக்கு 4,000 ரூபாய் எக்ஸ்சேஞ்ச் கிடைத்துக் கையிலிருந்து 13,700 கொடுத்தால், பில் 17,700க்கு இருப்பதுதான் சரி.

படி 4: பில்லில் எந்த வரி?

கடலூர்க்காரர் கடலூரிலேயே வாங்கினால் மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம், மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம் என்று இரண்டாகப் பிரித்துப் போடுவார்கள். நம் உதாரணத்தில் 1,350, 1,350. புதுச்சேரிக்குச் சட்டமன்றம் இருப்பதால் அங்கும் இதே மாதிரி மாநில ஜிஎஸ்டிதான்.

கடலூர்க்காரர் புதுச்சேரி போய் வாங்கினால்? 2023 அக்டோபர் முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்குப் பில்லில் எழுதும் முகவரிதான் கணக்கு. கடலூர் முகவரி எழுதினால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் ஜிஎஸ்டி) 18 சதவீதம் என்று ஒரே தொகையாக வரும். முகவரி எழுதாவிட்டால் கடை இருக்கும் இடத்தின்படி 9, 9. எப்படிப் போட்டாலும் மொத்தம் 2,700தான். பாண்டியில் பெட்ரோல் மலிவு என்பதால் போனுக்கும் வரி குறைவு என்று நினைத்துப் பஸ் ஏற வேண்டாம். பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, அதனால் மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறுகிறது. அங்கே கடைக்காரர் விலையை நன்றாகக் குறைத்தால் தாராளமாகப் போய் வாங்கலாம்.

படி 5: கடையிலேயே சரிபார்ப்பது

பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. அப்புறம் தள்ளுபடியைத் தனியாகக் காட்டியிருக்கிறார்களா, ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) போனில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடைசியாக, மொத்தத் தொகையை 1.18 ஆல் வகுத்து, பில்லில் போட்ட வரிக்கு முந்தைய மதிப்போடு ஒப்பிடுங்கள். சில பைசா வித்தியாசம் வரலாம். ரூபாய்க் கணக்கில் வித்தியாசம் வந்தால், கவுண்டரை விட்டு நகரும் முன்பே விளக்கம் கேளுங்கள்.