தாங்கியேத்தா போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினின் வடமேற்கில், அத்தாகோரா மலையடிவாரச் சிற்றூர் தாங்கியேத்தா. இங்குள்ள செயின்ட் ஜான் டி டியூ மருத்துவமனைக்கு வெளிநாட்டு மருத்துவர்கள் தன்னார்வலர்களாக வருகிறார்கள். பாஸ்போர்ட் நகல், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று பற்றிச் சொல்லத் தேவையில்லை. அவற்றை யாரும் மறப்பதில்லை.

ஊரைப் பார்த்துச் சாலையை நம்புவது

உயிருக்கே உலை வைக்கும் தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் புதியவர்கள் இதையே செய்வதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. சந்தை கூடுகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். "ஊர் அமைதியாத்தானே இருக்கு, தானுகு அருவிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்திடலாம்" என்று வண்டியை எடுக்கிறார்கள். அந்தச் செம்மண் பாதை அருவியோடு நிற்பதில்லை. பாத்தியா என்ற கிராமத்தில், பெஞ்சாரி தேசியப் பூங்காவின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. தார்ச்சாலையில் வடக்கே போனால் எல்லை ஊரான போர்கா, அதைத் தாண்டினால் அண்டை நாடான புர்கினா ஃபாசோ. எல்லை தாண்டி வரும் ஆயுதக் குழுக்களுக்கு ஊர் தேவையில்லை, இந்தக் காடு போதும்.

2019 மே மாதம் பூங்காவுக்குள் சென்ற இரண்டு பிரெஞ்சுப் பயணிகள் கடத்தப்பட்டார்கள். கூடப் போன உள்ளூர் வழிகாட்டி கொல்லப்பட்டார். பயணிகளைப் புர்கினா ஃபாசோவில் மீட்கும்போது பிரெஞ்சு வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள். "உள்ளூர்க்காரர் கூட வர்றார், பயமில்லை" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: வெளிநாட்டவரை ஏற்றினால் அவர் தலைக்கும் சேர்த்துத்தான் ஆபத்து. 2021 டிசம்பரில் போர்காவில் ராணுவம் தாக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் பெனினின் வடக்கிலுள்ள டபிள்யூ தேசியப் பூங்காவில் வனக்காவலர்கள் கொல்லப்பட்டார்கள்.

எனவே "ஊர் எப்படி?" என்று கேட்காதீர்கள். எந்தச் சாலை, எத்தனை மணிக்கு, கடைசியாக யார் போய்வந்தார்கள் என்று புறப்படும் அன்று காலையில் கேளுங்கள். மருத்துவமனை ஓட்டுநர்களிடமும் உள்ளூர்க் காவல்துறையினரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் தயங்கினாலும் பயணம் ரத்து. அருவியும் பூங்காவும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

இருட்டிய பின் பயணம்

கூடாது. பக்கத்து நகரமான நாத்திதிங்குவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். மாலை நாலு மணிக்குள் வந்து சேருங்கள்.

சோதனைச்சாவடியில் அவசரம்

தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். கண்ணாடியை இறக்கி, கைகள் தெரியும்படி வையுங்கள். கேட்ட பிறகே பைக்குள் கை போகட்டும். போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள்.

காப்பீட்டைப் படிக்காமல் வாங்குவது

உங்கள் அரசு "போகாதே" என்று எச்சரித்த பகுதிக்குப் போனால் பல பாலிசிகள் செல்லாது. விலக்குப் பட்டியலைப் படித்து, அவசர மருத்துவ வெளியேற்றம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நாட்டின் பெரிய நகரமான கொத்தொனு சாலைவழி ஏறக்குறைய 600 கிலோமீட்டர். அடிபட்டவரை அவ்வளவு தூரம் வண்டியில் கொண்டுபோக ஒரு பகல் முழுக்க ஆகும்.